அஞ்சற் களஞ்சியம் நிரம்பாது காத்தல்

திருக்கோவிலுக்கு மேற்கே வயல்வெளிகளைக் கடந்து சென்றாற் சாகாமக் குளத்தைக் காணலாம். கோடையில் அதன் கட்டின்மேல் நிற்கும் சிறுவனொருவன், நீர் வற்றிக் கிடக்கும் அப்பரப்பைப் பார்த்து, 'இத்துணைப் பெரிய குளத்துக்கு வான் எதற்கு?' என்று கேட்டல் இயல்பே. மாரியில் அதே கட்டின்மேல் நின்றவன் அவ்வினாவைக் கேளான். இங்கினியாகலையிலுள்ள சேனாநாயக்க சமுத்திரம் இந்நாட்டின் பெரும் நீர்த்தேக்கங்களுள் ஒன்று. அதற்கும் வான் உண்டு. குளம் அகன்றிருந்தால் மாத்திரம் போதாது. மிகை நீரைக் கழிக்கும் வானும், வேண்டும்போது திறந்து மூடும் மடையும், நீர்மட்டத்தை நாளும் பார்த்துவரும் வட்டவிதானையும் வாய்த்த குளமே கட்டுடையாது நிற்கும்.

நாம் இங்கே எழுதப்புகுந்தது குளத்தைப் பற்றியன்று. மின்னஞ்சற் சேவையகத்தைப் பற்றியாகும். ஆயினும், சேவையகத்தின் வட்டு நிரம்பாது காக்கும் முறையினைக் குளத்தோடு பழகிய எம்மூரவர் எளிதில் விளங்கிக்கொள்வர் என்பது எமது துணிபு.

திரும்பிச் சென்ற கட்டுரை

இம்மலருக்குக் கட்டுரை வேண்டி, உள்நாட்டிலும் பிறநாடுகளிலும் வாழும் பழைய மாணவர்களுக்கு விண்ணப்பம் விடுத்திருந்தோம். மலருக்கெனத் தனி மின்னஞ்சல் முகவரியொன்றும், வாடகைக்குப் பெற்ற சிறு சேவையகமொன்றும் எமது பொறுப்பில் இருந்தன. முதலிரு வாரங்களிற் கட்டுரைகளைவிடப் படங்களே மிகுதியாக வந்தன. விளையாட்டுப் போட்டி, சரசுவதி பூசை, ஆசிரியர் பிரியாவிடை என்று பல்லாண்டுக் காலப் படங்களை அன்பர்கள் பெரிய அளவிற் பிரதிசெய்து அனுப்பினர். மகிழ்ச்சியோடு பார்த்தோம். ஒன்றையேனும் எடுத்து வேறிடத்தில் வைக்க எமக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் இரவு, எண்பது வயதைக் கடந்த பழைய மாணவரொருவர் கடல்கடந்த நாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். தம் கட்டுரையை இருமுறை அனுப்பியதாகவும், இருமுறையும் அது உடனே திரும்பி வந்ததாகவும் கூறிச் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "நான் எழுதினது மலருக்குப் பொருந்தாதெண்டால் நேராகவே சொல்லியிருக்கலாம், தம்பி" என்றார். கைந்நடுக்கம் உடைய அவர் பேரப்பிள்ளையின் உதவியோடு மூன்று மாதமாக எழுதிய கட்டுரை அது. எமது சேவையகத்திலே இடமில்லை என்று பொறி ஆங்கிலத்திற் கூறிய விடையினை, மலர்க்குழுவினர் தம்மை மறுத்துக் கூறியதாக அப்பெரியார் கொண்டுவிட்டார். பிழை முழுவதும் எம்முடையது.

நாம் தமிழாசிரியர், பொறிநூல் வல்லுநரல்லோம். ஆதலின், முன்னர் எம்மிடம் தமிழ் கற்று இன்று கணினிகளைப் பராமரிக்கும் தொழில் செய்யும் மாணவரொருவரை அணுகினோம். ஆசிரியர் மாணவராகவும் மாணவர் ஆசிரியராகவும் சில மாலைப்பொழுதுகள் கழிந்தன. அவரிடம் கேட்டறிந்தவற்றையும், பின்னர் நாமே கற்றுத் தெளிந்தவற்றையும் ஈண்டு எழுதுகின்றோம். பாடசாலை, கோயில் அறங்காவலர் சபை, கூட்டுறவுச் சங்கம், நூலகம் ஆகிய எதற்கேனும் அஞ்சற்பொறுப்பு ஏற்றிருக்கும் பழைய மாணவர்க்கு இது பயன்படுமென நம்புகின்றோம்.

கடிதம் தங்கும் இடங்கள்

சேவையகம் என்பது, பிறர் கேட்டபொழுதெல்லாம் பணி செய்யுமாறு ஓயாது இயங்கும் கணினி. 'சேர்வர்' என்று பேச்சில் வழங்குவதும் அதுவே. மின்னஞ்சற் சேவையகத்தை ஓர் அஞ்சலகத்துக்கு ஒப்பிடலாம். வெளியிலிருந்து வரும் கடிதம் முதலில் வாயிலிற் பெற்றுக்கொள்ளப்படுகின்றது. அடுத்து, பிரித்து அனுப்பப்படும் வரையில் ஒரு வரிசையிற் காத்திருக்கின்றது. இறுதியாக, உரியவரின் பெட்டியிற் சேர்க்கப்படுகின்றது. இவையன்றி, எந்தக் கடிதம் எந்நேரத்தில் எங்கிருந்து வந்து எங்கே சென்றது என்பதை எழுதிவைக்கும் நாட்பதிவேடும் உண்டு.

காத்திருக்கும் வரிசை, பெட்டிகள், பதிவேடு ஆகிய மூன்றும் வட்டிலே இடம்பிடிப்பன. உரியவர் கடிதத்தைப் படித்த மாத்திரத்தில் அது சேவையகத்தை விட்டு அகல்வதில்லை. அவர் தாமாக நீக்கும் வரையில் அங்கேயே இருக்கும். கடிதத்தைக் கையிற் கொடுத்தவுடன் கடமை முடியும் அஞ்சலகத்துக்கும் மின்னஞ்சற் சேவையகத்துக்கும் உள்ள பெரு வேறுபாடு இதுவே. சேவையகம் ஒரே நேரத்தில் அஞ்சலகமாகவும் களஞ்சியமாகவும் இருக்கின்றது.

இந்நாட்டிலே மின்னஞ்சல் முதலிற் பல்கலைக்கழகங்களுக்கிடையே பரவியது. 1990களின் தொடக்கத்தில், 'லேர்ன்' எனப்படும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாக, தொலைபேசிக் கம்பியினூடே கடிதங்கள் கைமாறின. அக்காலத்துக் கடிதம் வெறும் எழுத்தே. ஒரு பக்கக் கடிதம் சில கிலோபைற்றுக்களுள் அடங்கும். இன்று கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படம் அத்தகைய ஆயிரம் கடிதங்களின் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்.

நிரம்பினால் நிகழ்வது

மின்னஞ்சல் கைமாறும் நெறிமுறையை 1982 ஆம் ஆண்டில் ஜொனதன் பொஸ்டெல் என்னும் அமெரிக்க அறிஞர் வரைந்து வெளியிட்டார். வட்டு நிரம்பும் நாளொன்று வருமென்று அன்றே எதிர்பார்த்தமை வியத்தற்குரியது. இடமின்மையைத் தெரிவிக்க அந்நெறிமுறையில் இரண்டு எண்கள் உள்ளன. 452 என்பது 'இப்பொழுது இடமில்லை. பின்னர் வருக' என்று பொருள்படும். 552 என்பது 'உமக்கு அளந்த இடம் தீர்ந்தது. கடிதத்தை ஏற்கமாட்டேன்' என்று பொருள்படும்.

நான்கிலே தொடங்கும் விடையைப் பெற்ற சேவையகம் கடிதத்தைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். நான்கு அல்லது ஐந்து நாள்களுக்கேனும் இவ்வாறு முயலவேண்டும் என்பது பொது விதி. ஐந்திலே தொடங்கும் விடை கிடைத்தாற் கடிதம் அக்கணமே எழுதியவரிடம் திரும்பும். எமது சிறு சேவையகம் 552 என்று விடைகூறுமாறு அமைக்கப்பட்டிருந்தது. 452 என்று கூறியிருக்குமாயின், பெரியாரின் கட்டுரை சில நாள் வழியிற் காத்திருந்து, நாம் இடம் செய்தவுடன் தானே வந்து சேர்ந்திருக்கும். அவர் உள்ளம் நொந்தமைக்குக் காரணம் இந்த ஓர் இலக்கமே என்று அறிந்தபொழுது, ஓரெழுத்து மாறிப் பொருள் திரிந்த பாடங்களை எண்ணிக்கொண்டோம்.

வட்டு முழுவதும் நிரம்பினால் வரும் கடிதம் மாத்திரம் தடைப்படுவதில்லை. போகும் கடிதமும் வரிசையில் எழுதப்பட்ட பின்னரே போகவேண்டியிருத்தலின் அதுவும் நிற்கும். பதிவேடு எழுதப்படாது, ஆதலின் என்ன நேர்ந்தது என்று பின்னர் ஆராய்தலும் அரிதாகும். நீக்குதலுங்கூடச் சில வேளை இயலாது போகும். ஒரு கடிதத்தைக் குப்பைக்கூடைக்கு மாற்றும்போது பல அமைப்புக்கள் அதன் பிரதியொன்றை அங்கே எழுதிவிட்டே பழையதை அழிக்கின்றன; அப்பிரதிக்கு இடமில்லை. அறையிலே பொருள்கள் கூரைவரை நிறைந்துவிட்டால், அவற்றை வெளியேற்ற வருபவனுக்குக் கால்வைக்க இடமில்லாமை போன்றது இது.

இஃது எளியோர்க்கு மாத்திரம் வரும் இடரன்று. 2023 ஆகஸ்ட் 29 ஆம் நாள் யப்பானிலே தொயோட்டா நிறுவனத்தின் 14 தொழிற்சாலைகள் வேலை நிறுத்தி நின்றன. உதிரிப்பாகங்களுக்குக் கட்டளை அனுப்பும் சேவையகங்கள் இயங்காமையே காரணம். ஆகஸ்ட் 27 ஆம் நாள் நடந்த வழக்கமான பராமரிப்பு வேலையில், சேர்ந்திருந்த தரவுகளை நீக்கி ஒழுங்குபடுத்தும்போது வட்டிலே போதிய இடமின்றிப் பிழை நேர்ந்தது என்று நிறுவனம் அறிவித்தது. மாற்றாக வைத்திருந்த சேவையகங்களும் அதே அமைப்பில் இயங்கியமையால் அவையும் அவ்வாறே நின்றன. மிகுந்த இடமுள்ள சேவையகத்துக்குத் தரவுகளை மாற்றிய பின்னரே வேலை தொடங்கிற்று. துப்புரவு செய்வதற்கும் சிறிது வெற்றிடம் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நிரம்பும் வழிகள்

வட்டு எவ்வாறு நிரம்புகின்றது என்பதைக் கணக்கினாற் காண்போம். ஒரு கல்லூரியிலே 500 பேருக்கு அஞ்சற்பெட்டி உண்டு என்று கொள்க. ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 கடிதம்; கடிதமொன்று சராசரி 100 கிலோபைற்று. பெருக்கினால் நாளொன்றுக்கு 1 கிகாபைற்று. ஆண்டொன்றுக்கு 365 கிகாபைற்று. இது மெல்லெனப் பெய்யும் மழை. இதனை முன்னறிந்து ஏற்பாடு செய்யலாம்.

இனி, பரிசளிப்பு விழாப் படமொன்று 10 மெகாபைற்று அளவினது. அதனை ஒருவர் அந்த 500 பேருக்கும் அனுப்புகின்றார். மின்னஞ்சல் எழுத்துக்களைச் சுமக்கவே முதலில் வகுக்கப்பட்டதாகலின், படத்தை எழுத்துக்களாக மாற்றியே அனுப்புதல் வழக்கம். மூன்று பைற்று நான்கு எழுத்தாகும். ஆதலின் 10 மெகாபைற்றுப் படம் 13 மெகாபைற்றுக்கு மேற்பட்டதாகின்றது. ஒவ்வொரு பெட்டியிலும் தனிப் பிரதி வைக்கும் அமைப்பில் அது 500 மடங்காகி, ஆறரைக் கிகாபைற்றைக் கடக்கும். ஏறத்தாழ ஒரு வாரக் கடிதங்கள் பிடிக்கும் இடத்தை ஒரு படம் ஒரு நிமிடத்திற் பிடித்துவிட்டது.

அவ்வாறு வந்ததற்கு ஒருவர் 'நன்றி' என்று அனைவருக்கும் மறுமொழி விடுத்தல் அடுத்த இடர். 2016 நவம்பர் 14 ஆம் நாள் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையிலே, சோதனைக்கென எழுதப்பட்ட கடிதமொன்று ஏறத்தாழ 8,40,000 பேருக்குத் தவறிச் சென்றது. பெற்றவர் பலர், 'என்னை இப்பட்டியலிலிருந்து நீக்குக' என்று அனைவருக்குமே மறுமொழி எழுதினர். 75 நிமிடத்தில் 50 கோடிக் கடிதங்கள் ஓடின என்று மதிப்பிடப்பட்டது. எமது ஊரிலே ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று கடற்கரையிற் கூடும் மக்களை எண்ணுக. சாதாரண நாளின் கூட்டத்தைக் கொண்டு அந்நாளுக்கு ஒழுங்கு செய்வார் எவருமிலர். சேவையகத்துக்கும் தீர்த்தநாள் உண்டு.

வேறு வழிகளும் உள. வேண்டாத விளம்பரக் கடிதங்கள் பெட்டியில் வந்து குவியும். 'நான் விடுமுறையில் உள்ளேன்' என்று பொறி தானே எழுதும் மறுமொழிகள் இரண்டு ஒன்றையொன்று சந்தித்தால், ஒழுங்காக அமைக்கப்படாத இடத்து, முடிவின்றி எழுதிக்கொண்டேயிருக்கும். பதிவேடு எவரும் பாராதபடி வளரும். குப்பைக்கூடையில் இட்ட கடிதம் அழிந்ததென்று பயனாளர் கருதுவர். கூடையைக் கொட்டும் வரையில் அஃது இடத்தை விட்டு அசைவதில்லை.

அறிஞரையும் மயக்கும் வழி ஒன்றுண்டு. வட்டிலே இடம் மிகுந்திருக்கவும், 'இடமில்லை' என்று பொறி கூறும். லினக்ஸ் முறையிலே கோப்பொவ்வொன்றுக்கும் ஐநோட் எனப்படும் அட்டவணைச் சீட்டு ஒன்று வேண்டும். வட்டை அமைக்கும் வேளையிலேயே அச்சீட்டுக்களின் தொகை வரையறுக்கப்படும். பெரும்பாலும் 16 கிலோபைற்று இடத்துக்கு ஒரு சீட்டு என்பது கணக்கு. கடிதமொன்றுக்குக் கோப்பொன்று வைக்கும் அமைப்பிலே, சிறு கடிதங்கள் பல்லாயிரம் சேர்ந்தால் இடம் தீருமுன் சீட்டுத் தீர்ந்துவிடும். அடுக்கிலே இடமிருந்தும் பதிவு அட்டை தீர்ந்தமையால் நூலைச் சேர்க்கமாட்டாத நூலகரின் நிலை அது.

காக்கும் முறைகள்

முதலாவது, வட்டைப் பிரித்து வைத்தல். கடிதப் பெட்டிகளுக்கு ஒரு பிரிவு, காத்திருக்கும் வரிசைக்கு ஒரு பிரிவு, பதிவேட்டுக்கு ஒரு பிரிவு என வகுத்தால், ஒன்று நிரம்பினும் மற்றவை இயங்கும். வயலுக்கு வரப்பு இடுவதன் பயனும் இதுவே. ஒரு பாத்தியில் வந்த வெள்ளம் முழு வட்டையையும் கொள்ளாது.

இரண்டாவது, பங்கீடு. ஒவ்வொரு பெட்டிக்கும் இவ்வளவு இடமென அளந்து கொடுத்தல் வேண்டும். அளவில் நூற்றுக்கு 80 பங்கு நிறைந்தபொழுது ஓர் அறிவித்தலும், 95 பங்கு நிறைந்தபொழுது மற்றோர் அறிவித்தலும் பயனாளருக்குத் தாமாகவே செல்லுமாறு அமைக்கலாம். முன்னறிவித்தலின்றிப் பெட்டியை அடைப்பது முறையன்று. அறிவித்தலும் அவரவர் மொழியில் இருத்தல் வேண்டும். பங்கீடு கருமித்தனம் என்று கருதுவாரும் உளர். 2004 ஏப்பிரல் 1 ஆம் நாள் கூகிள் நிறுவனம் ஒருவருக்கு 1 கிகாபைற்று இடம் தருவதாகக் கூறி ஜிமெயிலைத் தொடக்கியபொழுது, ஹொட்மெயில் இலவசமாகத் தந்தது 2 மெகாபைற்றே. இனி எவரும் எதனையும் நீக்கவேண்டியதில்லை என்று உலகம் அன்று மகிழ்ந்தது. அதே நிறுவனம், கல்வி நிலையங்களுக்கு அளித்துவந்த வரையறையற்ற இடத்தை நிறுத்தி, நிலையமொன்றுக்குப் பொதுவில் 100 தெராபைற்று என்று வரையறுக்கப்போவதாக 2021 இல் அறிவித்தது. செல்வம் மிகுந்த நிறுவனத்துக்கும் கரை உண்டு.

மூன்றாவது, வாயிலிலே அளவு பார்த்தல். ஒரு கடிதம் இவ்வளவுக்கு மேற்படலாகாது என்று வரம்பு செய்க. போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் பெயர்பெற்ற அஞ்சல் மென்பொருளிலே அவ்வரம்பு, வேறு கூறாவிடத்து, 1,02,40,000 பைற்று. பெரிய படங்களைக் கடிதத்தில் இணையாது பொதுவிடத்தில் ஒருமுறை ஏற்றி, அதன் முகவரியை மாத்திரம் கடிதத்தில் எழுதுவதற்குப் பயனாளரைப் பழக்குதல் வேண்டும். மேற்கூறிய பரிசளிப்புப் படம் அப்பொழுது ஆறரைக் கிகாபைற்றைப் பிடியாது; பத்து மெகாபைற்றோடு அமையும். வேண்டாத கடிதத்தையும் வாயிலிலேயே மறுத்தல் நன்று. ஏற்றுக்கொண்ட பின்னர்த் திருப்பி அனுப்பினால், பொய்ப்பெயரில் வந்த அக்கடிதத்துக்காக ஒன்றுமறியாத மூன்றாமவர் தொல்லையுறுவார்.

நான்காவது, வான் வைத்தல். இடம் ஓரளவுக்குக் கீழே குறைந்தவுடன், முற்றாக நிரம்புமுன்னரே, 452 என்று விடைகூறி வாயிலை அடைக்குமாறு சேவையகத்தை அமைக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸ், கடித வரம்பின் ஒன்றரை மடங்கு இடமேனும் வரிசையில் இல்லாதவிடத்துப் புதிய கடிதத்தை ஏற்பதில்லை. அதனைப் பல கிகாபைற்றாக உயர்த்தி வைத்தல் அறிவுடைமை. வாயிலில் நிற்கும் கடிதங்கள் அழிவதில்லை. அனுப்பியவரின் சேவையகத்திலே சில நாள் பத்திரமாகத் தங்கும். ஒருவர் பெட்டி மாத்திரம் நிறைந்தவிடத்தும் உடனே மறுக்காது, முதலிற் காத்திருக்கச் சொல்லுமாறு அமைத்தலே எமது அனுபவம் கற்பித்த பாடம்.

ஐந்தாவது, ஒழுங்காகக் கழித்தல். குப்பைக்கூடையிலும் வேண்டா அஞ்சற் பெட்டியிலும் 30 நாள் கடந்தவை தாமாகவே அழியுமாறு செய்க. பதிவேட்டைக் கிழமைதோறும் மாற்றிப் பழையதைச் சுருக்கி, குறித்த காலம் கடந்ததை நீக்கும் ஏற்பாடும் உண்டு. ஆயினும் இங்கே ஒரு நுட்பம் அறியத்தக்கது. இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருளொன்று திறந்து வைத்திருக்கும் பதிவேட்டை அழித்தாற் பெயர் மறையும், இடம் மீளாது. அம்மென்பொருள் அதனை மூடிய பின்னரே இடம் விடுபடும்.

ஆறாவது, சேமஇடம் வைத்தல். வட்டின் ஒரு மூலையில் இரண்டு மூன்று கிகாபைற்று அளவுள்ள பயனற்ற கோப்பொன்றை இட்டு வைத்தலை வல்லோர் சிலர் வழக்கமாகக் கொண்டுள்ளனர். நெருக்கடி வரும் நாளில் அதனை அழித்தவுடன் கால்வைக்க இடம் கிடைக்கும். எங்கள் அன்னையர் உலைக்கு எடுக்கும் அரிசியில் ஒரு பிடியைத் தனிப்பானையில் இட்டு வைத்தது இவ்வறிவினாலேயே.

ஏழாவது, நாள்தோறும் அளத்தல். எத்தனை பங்கு நிறைந்தது என்பதைவிட, எத்தனை நாளில் நிறையும் என்பதே சிறந்த வினா. 600 கிகாபைற்று வட்டிலே 420 நிறைந்திருப்பின் எஞ்சியது 180. நாளொன்றுக்கு 1 கிகாபைற்று சேருமாயின் 180 நாள் உண்டு. மலர் வெளியீடு, விழா முதலியவற்றால் நாளொன்றுக்கு 10 கிகாபைற்றுச் சேரத் தொடங்கின் 18 நாளே உண்டு. இடத்தோடு ஐநோட்டுக்களின் தொகையையும் அளக்கவேண்டும். அளவு மிஞ்சியபொழுது வரும் எச்சரிக்கை கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரட்டும். நிரம்பிய சேவையகம் தான் நிரம்பியமையைத் தன் மின்னஞ்சல் வழியே அறிவிக்கமாட்டாது.

இத்தனையும் செய்தும் ஒருநாள் நிரம்பிவிட்டால், அவசரப்பட்டுக் கடித வரிசையிற் கைவைத்தலாகாது. முதலிற் புதிய கடிதங்களைக் காத்திருக்கச் செய்க. எந்தப் பிரிவு நிரம்பியது, இடம் தீர்ந்ததா சீட்டுத் தீர்ந்ததா என்று காண்க. பழைய பதிவேடுகளையும் சேமக்கோப்பையும் நீக்குக. பிறர் கடிதத்தைத் தொடுவது கடைசி வழி. அதுவும் அவருக்கு அறிவித்த பின்னரே.

கழிக்கத் தகாதன

இடம் காத்தல் என்னும் பெயரால் எல்லாவற்றையும் அழித்துவிடுதல் மற்றொரு தீமை. இந்நாட்டின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பொது அதிகாரசபைகள் சட்டத்துக்குப் பின் உண்டான புதிய பதிவுகளைக் குறைந்தது 12 ஆண்டு பேணுதல் வேண்டும். அலுவலகக் கடிதம் பதிவேயாகும். ஆதலின், எதனை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று முதலில் எழுதி முடிவுசெய்து, பழையதைக் களஞ்சிய வட்டுக்கு மாற்றிய பின்னரே பெட்டியிலிருந்து நீக்குதல் முறை.

காப்புப்பிரதியின் கதையும் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. 2023 ஆகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்க முகில் எனப்படும் கணினித் தொகுதி, தரவுகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீய மென்பொருளினால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்கு மீட்கத்தக்க பிரதி இன்மையால் அவை இழக்கப்பட்டன. இது வட்டு நிரம்பியதால் வந்த இழப்பன்று. ஆயினும், இடம் நெருங்கும்போது காப்புப்பிரதியை 'அடுத்த மாதம் எடுப்போம்' என்று தள்ளிவைக்கும் எண்ணம் எழுமாயின், இந்நிகழ்ச்சியை நினைந்து அதனை விலக்குக. பிரதியை அதே வட்டில் வைத்தலும் ஆகாது. அஃது இடத்தையும் தின்னும். வட்டோடு சேர்ந்து அழியவும் செய்யும். தனி வட்டில், வலையிலிருந்து பிரித்து, வேறு கட்டடத்தில் வைக்கப்பட்ட பிரதியே பிரதி.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் எமது கரையேறி வந்ததைக் கண்ட எங்களுக்கு, ஏடுகளை ஒரே அறையில் வைத்திருத்தலின் பொருளை எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

வட்டவிதானை யார்?

மேற்கூறியவற்றுள் ஒன்றேனும் பெரும் பொருட்செலவு உடையதன்று. பெரும்பாலானவை, ஏற்கெனவே உள்ள மென்பொருளிற் சில வரிகளைத் திருத்துவதால் அமைவன. பின்னர் ஏன் சேவையகங்கள் நிரம்புகின்றன? பார்ப்பதற்கென ஒருவர் இல்லாமையே காரணம். எல்லாருக்கும் உரிய வேலை எவருக்கும் உரியதாகாது. பெரிய வட்டொன்றை வாங்குவதால் நாள்கள் கூடும்; பார்க்கும் கண் கூடுவதில்லை. குளத்தை ஆழமாக்கிவிட்டு வட்டவிதானையை நீக்கியவர், உடைப்பைச் சில ஆண்டுகள் தள்ளிவைத்தவரே ஆவர்.

ஆதலின், அஞ்சற் சேவையகம் உடைய ஒவ்வோர் அமைப்பும் ஒருவரைப் பெயர்குறித்து அப்பொறுப்பில் அமர்த்துதல் வேண்டும். அவர் இல்லாத நாளில் யார் பார்ப்பது என்பதும் எழுதப்படல் வேண்டும். கிழமைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் போதும். எமது மலர்க்குழு, காலந்தாழ்த்தியாயினும், இதனைச் செய்துள்ளது. படங்களை வேறு வட்டுக்கு மாற்றினோம். பங்கீட்டையும் எச்சரிக்கையையும் அமைத்தோம். எம் மாணவர் 552 ஐ 452 ஆக்கித் தந்தார்.

பின்னர் அப்பெரியாரைத் தொலைபேசியில் அழைத்து, நிகழ்ந்ததை விளக்கிப் பொறுத்தருளுமாறு வேண்டினோம். "பெட்டி நிறைஞ்சு போனதோ? அப்ப என்னில பிழையில்லை" என்று சிரித்தார். மூன்றாம் முறை அனுப்பிய கட்டுரை அடுத்த நிமிடத்தில் வந்து சேர்ந்தது. விடுதியிலே விளக்கெண்ணெய் தீர்ந்த இரவுகளையும், தமக்கு எழுத்தறிவித்தவர்களையும் பற்றி அவர் எழுதியவை இம்மலரின் வேறொரு பக்கத்தில் உள்ளன. அன்பர்கள் அதனைத் தவறாது படிக்குமாறு வேண்டுகின்றோம். கல்லூரி நீடு வாழ்க.